வூஃபரின் நான்கு முனைகள்

அந்த வூஃபரின், அதாவது தாழ்ந்த ஓசைக்கான பெரிய ஸ்பீக்கரின், பின்புறத்தில் நான்கு முனைகள் இருந்தன. இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு. அதற்கு முன் நான் தொட்ட ஸ்பீக்கர்களுக்கெல்லாம் இரண்டே முனைகள். பிளஸுக்கு ஒரு கம்பி, மைனஸுக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான் வேலை. இந்த நான்கையும் சரியாக இணைக்கக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு ஐ.சி.யும் இரண்டு ஃபியூஸ்களும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. வூஃபர் தப்பியது ஃபியூஸின் புண்ணியம்.

சப்வூஃபர் வேண்டும் என்ற எண்ணம் அப்பாவால் வந்தது. அவருக்கு நாகசுரக் கச்சேரி என்றால் உயிர். ஊர்த் திருவிழாக்களில் பதிவு செய்த பழைய கேசட்டுகளைப் பென்டிரைவுக்கு மாற்றி, கூடத்தில் இருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரம் கேட்டவர், "தவிலில் வலந்தலை மட்டும்தான் கேட்கிறது. தொப்பிச் சத்தம் எங்கே போயிற்று?" என்றார். வலந்தலை விரல்களால் அடிக்கும் பக்கம்; குச்சியால் அடிக்கும் மறுபக்கமான தொப்பியின் கனத்த ஓசையை நாலு அங்குல ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. பதிவில் இருந்த ஓசை எங்கள் கூடத்துக்கு வந்து சேரவே இல்லை.

அந்தச் சமயத்தில் தங்கையின் கணவர் தன் காரை விற்றார். அதில் இருந்த 12 அங்குல வூஃபரைக் கழற்றி, "மச்சான், உங்களுக்குப் பயன்படும்" என்று கொண்டுவந்து கொடுத்தார். காந்தத்தின் மேல் ஒட்டியிருந்த தாளில் 4+4 ஓம்ஸ் என்று அச்சிட்டிருந்தது. ஓம்ஸ் என்பது மின்னோட்டத்துக்கு இருக்கும் எதிர்ப்பின் அளவு. ஒரே கூம்பு, ஒரே காந்தம். ஆனால் உள்ளே ஒரே உருளையின் மேல் இரண்டு தனித்தனி கம்பிச்சுருள்கள், அதாவது காயில்கள். இரட்டைக் காயில் வூஃபர் என்பது இதுதான். இரண்டையும் தொடராக இணைத்தால் 8 ஓம்ஸ். பக்க இணைப்பில் (பேரலல்) போட்டால் 2 ஓம்ஸ். பள்ளிக்கூடத்தில் படித்த அதே கணக்கு.

ஆம்ப்ளிஃபயர் பகுதிக்குச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். டிடிஏ 7294 ஐ.சி. பொருத்திய மோனோ போர்டு ஒன்று, 24-0-24 வோல்ட் (நடு முனைக்கு இருபுறமும் 24), 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ், 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, ஐ.சி.யின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க், தாழ்ந்த ஓசையை மட்டும் கடத்தும் லோ பாஸ் போர்டு. போர்டின் மேல் 100 வாட் என்று போட்டிருந்தது. வூஃபரின் படத்தைக் கடைக்காரரிடம் காட்டி எப்படி இணைப்பது என்று கேட்டேன். "ஓம்ஸ் குறையக் குறைய வாட் கூடும் சார். பேரலல் போடுங்கள், வீடே அதிரும்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூடிய பெட்டி செய்து, இரண்டு சிவப்பையும் ஒன்றாக, இரண்டு கறுப்பையும் ஒன்றாக முறுக்கி, போர்டில் மாட்டினேன். முதல் பத்து நிமிடம் மெய்யாகவே வீடு அதிர்ந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு பெரிய அடிக்கும் ஒரு கொரகொரப்பு வரத் தொடங்கியது. அடுத்து சத்தம் அடியோடு நின்றது. இரண்டு நிமிடம் கழித்துத் தானாகவே திரும்பி வந்தது. மறுபடி நின்றது. ஹீட் சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. ஒலியளவைக் குறைத்துவிட்டு ஓட விட்டேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். தானாக நின்று தானாக வரும் ஆம்ப்ளிஃபயர், உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஒன்றால் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பாதுகாப்புக்கு மேல் தொடர்ந்து பாரம் ஏற்றக் கூடாது.

மூன்றாவது முறை சத்தம் திரும்பியபோது 'டப்' என்று ஒரு ஓசை. வூஃபரின் கூம்பு உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே நின்றது. ஒரு நொடிக்குள் ஃபியூஸ் போய், கூம்பு பழைய இடத்துக்குத் திரும்பியது. அந்த ஒரு நொடியில் நடந்தது என்னவென்று பின்னால் புரிந்தது. ஐ.சி. உள்ளே ஷார்ட் ஆகி, மின்வழங்கியின் மைனஸ் மின்னழுத்தம் முழுவதும் நேராகக் காயிலில் இறங்கியிருக்கிறது. 33 வோல்ட், காயில்களின் மின்தடை 1.7 ஓம், 19 ஆம்பியர் கேட்டிருக்கும். ஒவ்வொரு மின்வழங்கிக் கம்பியிலும் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தேன். அந்த இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இல்லாவிட்டால் காயில் கருகியிருக்கும். பக்கத்தில் திரைச்சீலை வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்த்துவந்த ஒரு பெரியவர் இருக்கிறார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். இருந்தாலும் காலையில் வந்து உட்காருவார். போர்டையும் வூஃபரையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். எத்தனை வாட் என்றோ, எந்த ஐ.சி. என்றோ அவர் கேட்கவில்லை.

"டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டுக்கு எத்தனை வோல்ட் வருகிறது?"

"24-0-24 ஐயா."

"அது ஏ.சி. கெப்பாசிட்டர் மேல் டி.சி. எத்தனை?"

அளந்து பார்த்ததில்லை என்று சொன்னேன்.

"வூஃபரைப் பார்த்து ஒயர் போட்டிருக்கிறீர்கள் தம்பி. போர்டைப் பார்த்துப் போட வேண்டும்" என்றார்.

இன்றுவரை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். அதை முழுதாக இங்கே எழுதுகிறேன். இந்தக் கணக்கு வந்துவிட்டால் எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் எந்த வூஃபருக்கும் பதில் தெரிந்துவிடும்.

24 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி கெப்பாசிட்டரில் நிரப்பினால் அது உச்சமதிப்புக்கு, அதாவது 1.414 மடங்குக்குப் போகும். எனக்குச் சுமை இல்லாதபோது பிளஸ் 35, மைனஸ் 35 வந்தது. சுமை ஏறினால் 33-க்கு இறங்கும். அதில் ஐ.சி. தனக்கென ஏறக்குறைய 3 வோல்ட் பிடித்துக்கொள்ளும். ஆக வூஃபருக்குக் கிடைப்பது உச்சத்தில் 30 வோல்ட். இந்த 30 வோல்ட்டை ஓம்ஸால் வகுத்தால் மின்னோட்டம். 8 ஓம்ஸுக்கு 3.75 ஆம்பியர். 4 ஓம்ஸுக்கு 7.5. நான் மாட்டிய 2 ஓம்ஸுக்கு 15. டிடிஏ 7294-இன் தரவுத்தாளைத் திறந்தால் அதன் உச்ச வெளியீட்டு மின்னோட்டம் 10 ஆம்பியர் என்று இருக்கிறது. முதல் கொரகொரப்பு அதனால் வந்தது. கேட்ட மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் ஐ.சி. கையை இழுத்துக்கொண்டது.

அடுத்தது சூடு. இதைத்தான் பெரும்பாலானோர் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வகை ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் சக்தியோடு கூடத் தானும் ஒரு பங்கைச் சூடாக எரிக்கிறது. சைன் அலைக்கு அந்தச் சூட்டின் உச்சம், மின்வழங்கி வோல்ட்டின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, பை (π, 3.14) என்ற எண்ணின் வர்க்கத்தாலும் ஓம்ஸாலும் வகுத்தால் வரும். 33 வோல்ட்டில் 8 ஓம்ஸுக்கு ஏறக்குறைய 28 வாட். 4 ஓம்ஸுக்கு 55. 2 ஓம்ஸுக்கு 110. ஐ.சி.யின் உள்ளே இருக்கும் சிலிக்கானிலிருந்து அதன் உலோக முதுகுக்குச் சூடு இறங்குவதற்குள், ஒவ்வொரு வாட்டுக்கும் அதிகபட்சம் 1.5 டிகிரி ஏறும். ஹீட் சிங்க் நன்றாக வேலை செய்து முதுகை 60 டிகிரியில் வைத்திருக்கிறது என்றே கொள்வோம். 8 ஓம்ஸில் உள்ளே 102 டிகிரி. 4 ஓம்ஸில் 143. 2 ஓம்ஸில் 225. இந்த ஐ.சி. 145 டிகிரியில் தன் வாயை மூடிக்கொள்ளும். 150-இல் முழுதாக உறங்கிவிடும். 2 ஓம்ஸில் எத்தனை பெரிய ஹீட் சிங்க் போட்டாலும், மின்விசிறி வைத்தாலும் பயனில்லை என்பதை இந்த எண்களே சொல்கின்றன. சூடு ஹீட் சிங்கை அடையும் முன்பே உள்ளே எல்லை கடந்துவிடுகிறது.

இதே தரவுத்தாளில் இன்னொரு வரி இருக்கிறது. 70 வாட் தொடர் வெளியீட்டுக்கு மூன்று வழிகள் கொடுத்திருக்கிறார்கள்: 8 ஓம்ஸுக்கு பிளஸ் மைனஸ் 35 வோல்ட், 6 ஓம்ஸுக்கு 31, 4 ஓம்ஸுக்கு 27. மூன்றுக்கும் அதே 70 வாட். ஓம்ஸைக் குறைத்தால் வோல்ட்டையும் குறைக்க வேண்டும் என்று அந்த அட்டவணை வெளிப்படையாகச் சொல்கிறது. போர்டின் மேல் அச்சிட்ட 100 வாட் என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓம்ஸில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு தகவல். என்னிடம் இருந்தது 35 வோல்ட் மின்வழங்கி. அதற்கு உரியது 8 ஓம்ஸ். 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருந்தால் 25 வோல்ட் வந்திருக்கும். அப்போது 4 ஓம்ஸ் வூஃபரை நிம்மதியாக ஓட்டியிருக்கலாம்.

கார் வூஃபர்கள் ஏன் இத்தனை குறைந்த ஓம்ஸில் வருகின்றன என்பதும் அன்றுதான் விளங்கியது. காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. இன்ஜின் ஓடும்போது 14 சொச்சம். அந்த வோல்ட்டை வைத்து அதிக வாட் வாங்க ஒரே எளிய வழி ஓம்ஸைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டுவது. அதனால் 4, 2, சில போட்டிக் கார்களில் 1 ஓம் வரைக்கும் போகிறார்கள். வீட்டில் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரை எந்த வோல்ட்டுக்கும் சுற்றி வாங்கலாம். வோல்ட்டைக் கூட்டி, ஓம்ஸை உயர்த்தி, மின்னோட்டத்தை அடக்கமாக வைத்துக்கொள்வதே வீட்டுக்கு ஏற்ற வழி.

புதிய ஐ.சி. போட்டு, இந்த முறை தொடர் இணைப்பு என்று முடிவு செய்தேன். முதலில் மல்டிமீட்டரால் காயில்களை அளந்தேன். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தபோதே 0.3 ஓம் காட்டியது. அது மீட்டர் கம்பியின் சொந்தத் தடை. அதைக் கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு காயிலும் 3.7 காட்டியது, கழித்தால் 3.4. "4 ஓம்ஸ் என்று போட்டிருக்கிறதே, பழுதா?" என்று பதறத் தேவையில்லை. மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடை. தாளில் எழுதியிருப்பது இசை ஓடும்போது ஆம்ப்ளிஃபயர் உணரும் இம்பீடன்ஸ். 4 ஓம்ஸ் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரைக்கும், 8 ஓம்ஸ் காயில் 5.5 முதல் 7 வரைக்கும் காட்டுவது இயல்பு.

அந்த இம்பீடன்ஸும் ஓர் எண்ணில் நிற்பதில்லை. வூஃபரின் ஒத்ததிர்வுக்கு (அது இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்ணுக்கு) அருகே அது பல மடங்கு ஏறும். அதைத் தாண்டியதும் கீழே விழும். 8 ஓம்ஸ் என்று எழுதுவதற்கு ஐ.இ.சி. 60268-5 என்ற சர்வதேசத் தரநிலை ஒரு வரம்பு வைத்திருக்கிறது: குறித்த அதிர்வெண் எல்லைக்குள் எங்கும் எழுதிய மதிப்பின் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஆக 8 என்றால் மிகக் குறைந்த இடத்தில் 6.4 வரைக்கும் இருக்கலாம். என் பெட்டியில் அளந்து பார்க்க ஆசைப்பட்டு, வூஃபரோடு தொடராக ஒரு 10 ஓம் பத்து வாட் ரெசிஸ்டரை வைத்து, கைப்பேசியில் 50 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் செயலியைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரை மிகக் குறைவாக வைத்து, இரண்டின் மேலும் ஏ.சி. வோல்ட் எடுத்தேன். வூஃபரின் வோல்ட்டை ரெசிஸ்டரின் வோல்ட்டால் வகுத்து 10-ஆல் பெருக்கினால் அந்த அதிர்வெண்ணில் இம்பீடன்ஸ். சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதும். 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது நன்றாகவே அளக்கும். 30 முதல் 120 வரைக்கும் பத்துப் பத்தாக எடுத்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தபோது ஒரு மலை எழுந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறியது அல்ல.

அளப்பதற்கு முன் இணைக்க வேண்டுமே. அதில் இரண்டாவது தவறு நடந்தது. தொடர் இணைப்பு என்றால் ஒரு காயிலின் மைனஸை அடுத்த காயிலின் பிளஸோடு சேர்க்க வேண்டும். மிஞ்சும் பிளஸும் மைனஸும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். நான் பெட்டிக்குள் தலையை விட்டு, கைவிளக்கு வெளிச்சத்தில், இரண்டு மைனஸ்களைச் சேர்த்து ஈயம் வைத்துவிட்டேன். மீட்டரில் 6.8 ஓம் காட்டியது. தொடர் இணைப்புக்குச் சரியான எண். மீட்டருக்கு முனைகளின் திசை தெரியாது. போட்டுப் பார்த்தால் வூஃபரில் ஓசையே இல்லை. காதை வைத்துக் கேட்டால் எங்கோ தொலைவில் ஒரு முனகல். ஒரு காயில் கூம்பை வெளியே தள்ள, மற்றது அதே வலுவோடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஓசை வரவில்லை என்று ஒலியளவைக் கூட்டுவது இங்கே மிகப் பெரிய ஆபத்து. சக்தி போய்க்கொண்டேதான் இருக்கிறது; கூம்பு அசையாததால் காயிலுக்குக் காற்றோட்டமும் இல்லை; அத்தனையும் சூடாகிக் காயிலிலேயே தங்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரியவர் காட்டிய வழி ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. பேட்டரியின் பிளஸைக் காயிலின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கூம்பின் மேல் விரலை மெல்ல வைத்தால் உணரலாம். ஒவ்வொரு காயிலையும் தனியாகச் சோதித்து, பிறகு இணைத்த இணைப்பையும் மொத்தமாகச் சோதிக்க வேண்டும். தனித்தனியாக அசைந்து, சேர்த்தபின் அசையவில்லை என்றால் ஒன்று தலைகீழ். வூஃபரைப் பெட்டியில் திருகி மூடுவதற்கு முன் இதைச் செய்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இப்போதெல்லாம் நண்பர்களுக்கு வூஃபர் மாட்டிக்கொடுக்கப் போனால் என் பையில் முதலில் போவது அந்தப் பேட்டரிதான்.

ஒரு நண்பர், "எதற்கு இத்தனை சிரமம், ஒரு காயிலை மட்டும் மாட்டு, 4 ஓம்ஸ் ஆகிவிடும்" என்றார். அப்படிச் செய்யலாம், வூஃபர் கெட்டுப்போகாது. ஆனால் கூம்பை இழுத்துப் பிடிக்கும் மின்காந்தப் பிடி பாதியாகிறது, தாங்கும் சக்தியும் பாதியாகிறது. ஓசை இறுக்கம் இழந்து இழுபடும். தவில் அடி 'தொம்' என்று விழுந்து நிற்க வேண்டிய இடத்தில் 'தொம்ம்ம்' என்று நீளும். எனக்கு அது வேண்டாம்.

மூன்றாவது ஞாயிறு. மின்வழங்கிக்குத் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டு முதலில் சுவிட்சைத் தட்டினேன். பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. எங்கும் ஷார்ட் இல்லை என்று அதற்குப் பொருள். வூஃபரை மாட்டாமல், போர்டின் வெளியீட்டில் டி.சி. எடுத்தேன்: 20 மில்லிவோல்ட்டுக்கும் கீழே. அங்கே ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் காட்டினால் வூஃபரை மாட்டவே கூடாது. இடையில் ரிலே வைத்த ஸ்பீக்கர் பாதுகாப்பு போர்டு ஒன்றும் சேர்த்துவிட்டேன். வெளியீட்டில் டி.சி. வந்தால் அது உடனே வூஃபரைத் துண்டித்துவிடும். முதல் நாளே இது இருந்திருக்க வேண்டும். கெப்பாசிட்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே 70 வோல்ட். ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

பிறகு வூஃபரை மாட்டினேன். 8 ஓம்ஸ். கச்சேரியை முழு இரண்டு மணி நேரம் ஓட விட்டேன். ஹீட் சிங்கில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் நிற்க முடிந்தது. கணக்குப்படி எனக்குக் கிடைப்பது 55 வாட் சொச்சம். 2 ஓம்ஸில் காகிதத்தில் 225 வரும். அது காகிதத்தில் மட்டும். அந்த நான்கு மடங்கும் காதுக்கு 6 டெசிபல்தான். 4 ஓம்ஸுக்குப் போனால் கிடைக்கும் இரண்டு மடங்கு 3 டெசிபல். கூர்ந்து கேட்டால் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று தோன்றும், அவ்வளவே. இந்த 3 டெசிபலுக்காக ஐ.சி.யை 143 டிகிரியில் வேக வைப்பது நியாயமாகப் படவில்லை. பெட்டியைச் சுவரின் நடுவிலிருந்து கூடத்தின் மூலைக்குத் தள்ளி வைத்தேன். இரண்டு சுவர்களும் தரையும் கூடும் இடத்தில் தாழ்ந்த ஓசை தானாகவே பெருகும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த அந்தப் பெருக்கம், பேரலலில் போட்டு நான் தேடியதைவிடக் கூடுதலாகவே காதில் விழுந்தது.

கம்பியையும் மாற்றினேன். முதலில் போட்டது அழைப்புமணிக்குப் போடும் மெல்லிய கம்பி, அரை சதுர மில்லிமீட்டர் இருக்கும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்வர பத்து மீட்டர், 0.34 ஓம் தடை. 2 ஓம்ஸ் வூஃபருக்கு இது ஆறில் ஒரு பங்கு; வூஃபருக்குப் போக வேண்டியது கம்பியில் எரிகிறது. 8 ஓம்ஸில் அந்த இழப்பு நூற்றுக்கு நான்குதான். ஆனாலும் வீட்டு வயரிங்கில் மிஞ்சியிருந்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டேன், தடை 0.07 ஓம். சப்வூஃபருக்கென்று விலையுயர்ந்த கம்பி எதுவும் வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் 8 ஓம்ஸுக்கு மாறக் கூடாது. அக்கா மகன் சென்ற ஆண்டு ஒரு சின்ன டி வகுப்பு போர்டு வாங்கினான். டிபிஏ 3116 ஐ.சி., 24 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. அவனிடம் இருந்தது 2+2 ஓம்ஸ் இரட்டைக் காயில் வூஃபர். "மாமா, உங்களைப் போல 8 ஓம்ஸ் ஆக்க முடியவில்லையே" என்று தொலைபேசியில் கேட்டான். அவனுக்கு 8 தேவையே இல்லை. 24 வோல்ட் ஒற்றை மின்வழங்கியில், ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஓட்டும் பிரிட்ஜ் வெளியீட்டில், உச்சம் 22 வோல்ட் அளவுக்குத்தான் வரும். 8 ஓம்ஸில் 30 வாட், 4 ஓம்ஸில் 60. அந்த ஐ.சி. ஒரு சேனலுக்கு 4 ஓம்ஸைத் தாங்கவே வடிவமைத்தது. இரண்டு காயில்களையும் தொடராகப் போட்டு 4 ஆக்கச் சொன்னேன். அது போலவே, இந்த வகைப் பிரிட்ஜ் போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை பூமி இணைப்பு அல்ல. அதையும் ஆம்ப்ளிஃபயர்தான் ஓட்டுகிறது. அதைப் பெட்டியின் உலோகத்திலோ மின்வழங்கியின் மைனஸிலோ சேர்த்தால் ஐ.சி. போய்விடும் என்பதை இரண்டு முறை சொல்லிவிட்டே தொலைபேசியை வைத்தேன்.

ஹோம் தியேட்டர் ரிசீவர் வைத்திருப்பவர்கள் சிலர், பின்னால் சப்வூஃபர் என்று எழுதிய துளையில் நேராக வூஃபரை மாட்ட முடியுமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலான ரிசீவர்களில் அது வெறும் சமிக்ஞை வெளியீடு. அதில் வூஃபரை ஓட்டும் சக்தி இல்லை. நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். முன்பக்க ஸ்பீக்கர் முனைகளில் வூஃபரை ஏற்றுவதும் வேண்டாம். பின்பலகையில் 6 முதல் 16 ஓம்ஸ் என்று அச்சிட்டிருக்கும் ரிசீவரில் 4 ஓம்ஸ் கார் வூஃபரை மாட்டினால் என் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கேயும் நடக்கும். அங்கே போவது ஒரு ஐ.சி. அல்ல, முழு ரிசீவர்.

அப்பா இப்போது தினமும் மாலையில் கச்சேரி கேட்கிறார். அவர் கேட்கும் அளவில் ஐந்து வாட்கூடப் போவதில்லை என்று மீட்டர் சொல்கிறது. தொப்பி கேட்கிறது.

தங்கையின் கணவர் தன் நண்பரிடமிருந்து அதே மாதிரி இன்னொரு வூஃபரும் வாங்கித் தந்திருக்கிறார். இரண்டு வூஃபர், நான்கு காயில், எட்டு முனைகள். ஒவ்வொன்றையும் தொடராக 8 ஆக்கி, இரண்டையும் பேரலலில் சேர்த்தால் 4 ஓம்ஸ். என் 35 வோல்ட் மின்வழங்கியில் அது ஆகாது. நான்கையும் தொடராகப் போட்டால் 16. போர்டு குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் மொத்தச் சக்தி பாதியாகும். தாளில் எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்துவிட்டு, இரண்டாவது வூஃபருக்குத் தனியாக இன்னொரு டிடிஏ 7294 போர்டு என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டுக்கும் 8 ஓம்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் 5 ஆம்பியர் போதாது, 8 ஆம்பியராவது வேண்டும். வோல்ட் அதே 24-0-24. பட்டியலை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ரிச்சி தெரு.